நடையளவையின் வரலாறும் கண்டி மலைநாடும்

நடத்தல் என்பது மக்கள் எண்ணாது செய்யுந் தொழில். அதனை இழந்தார்க்கே அதன் அருமை புலப்படும். பாரிசவாதத்தினால் ஒரு பக்கம் செயலற்றுப் படுக்கையிற் கிடந்த ஒருவர், சில வாரங்களின் பின் எழுந்து நாலடி வைப்பாராயின், சூழநிற்கும் சுற்றத்தார் "நடந்துவிட்டார்" என மகிழ்வர். அம்மகிழ்ச்சி இயல்பானதே. ஆயினும், அவர் எவ்வளவு தூரம் நடந்தார், எவ்வளவு நேரத்தில் நடந்தார், எவர் துணையோடு நடந்தார், எத்தகைய நிலத்தில் நடந்தார் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை காணாத வரையில், "நடந்துவிட்டார்" என்னுஞ் சொல் பொருள் நிரம்பிய சொல் ஆகாது. நோயாளி எப்போது வீடு திரும்பலாம், பயிற்சியை இன்னுந் தொடர்தல் வேண்டுமா, பழைய தொழிலுக்கு மீளலாமா என்பன யாவும் அவ்விடைகளையே பற்றி நிற்பன.

இவ்வினாக்களுக்கு எண்களால் விடையிறுக்கும் முயற்சி ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உடையது. அவ்வரலாற்றை ஆராயுமிடத்து, ஈழநாட்டின் கண்டி மலைப்பகுதி இரு காரணங்களாற் கருதத்தக்கதாகின்றது. ஏற்றமும் இறக்கமும் மலிந்த அந்நிலத்தில் நடத்தல் என்பது சமவெளியில் நடத்தலின் வேறானது என்பது ஒன்று. நிலத்தின் தன்மையையும் நடப்பவன் சுமையையும் கருத்திற் கொண்ட ஓர் அளவை அந்நாட்டில் முற்காலத்தே வழங்கிற்று என்பது மற்றொன்று.

பண்டையோர் கண்ட பாரிசவாதம்

மூளைக்குச் செல்லுங் குருதிக்குழாய் அடைபடுதலாலோ வெடித்துக் குருதி கசிதலாலோ மூளையின் ஒரு பகுதி சேதமுறுதலே இந்நோயின் காரணம். மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் பெரும்பாலும் ஆள்கின்றமையால், சேதமுற்ற பாதிக்கு எதிர்ப்பக்கத்துக் கையுங் காலும் வலியிழக்கின்றன. இவ்வுண்மை பண்டை மருத்துவர்க்குத் தெரிந்திலது. சுவிற்சலாந்து நாட்டு யோகான் யாக்கோப் வெப்பர் என்பவரே, திடீரென வீழ்ந்து இறந்தோரின் மூளைகளை அறுத்துப் பார்த்து, குருதிக் கசிவு இதற்குக் காரணமாதலை 1658ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார்.

காரணம் அறியாராயினும் பண்டையோர் நோயின் போக்கினை நன்கு உணர்ந்திருந்தனர். கடுமையான தாக்கம் தீர்தல் இயலாது, எளிய தாக்கமும் எளிதிற் தீராது என்பது கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூலின் கொள்கை. சுசுருத சங்கிதை, வாயு ஒன்றினாலேயே வந்த பக்கவாதம் மிகுந்த இடர்ப்பாட்டுடன் தீரும் எனவும், பிற தோடங் கலந்தது தீரத்தக்கது எனவும், தாதுக்கள் தேய்ந்தமையால் வந்தது தீராது எனவும் மூவகைப்படுத்தும். சித்த மருத்துவத்தில் யூகி முனிவர் மரபு வாதநோய்களை எண்பதாக வகுத்துரைக்கும்.

இந்நூல்கள் யாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. அவை நோய் தீருமா தீராதா என்று முன்னறிந்து கூற முயன்றன. தீர்ந்துவரும் வழியில் நோயாளி இன்று எந்நிலையில் நிற்கின்றார், சென்ற வாரம் எந்நிலையில் நின்றார் என்று அளந்து ஒப்பிட முயன்றில. நடத்தல் அவர்கட்கு உண்டு அல்லது இல்லை என்னும் இரண்டில் ஒன்றாகவே இருந்தது. உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடையே பல படிகள் உள என்பதும், அப்படிகளை எண்ணலாம் என்பதும் பிற்காலத்து எழுந்த கருத்துக்கள்.

கண்டி நாட்டுப் பாதைகளும் கவ்வ என்னும் அளவையும்

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டு வரை தன்னாட்சியோடு விளங்கிற்று. மலைகளே அதன் கோட்டை மதில்கள். நாட்டினுட் புகும் வழிகள் ஒருவர் பின் ஒருவராகச் செல்லத்தக்க ஒடுங்கிய பாதைகளாகவே விடப்பட்டிருந்தன. முக்கியமான இடங்களில் முள்ளாலான வாயில்கள் அமைக்கப்பட்டுக் காவல் வைக்கப்பட்டது. 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, 1679இல் தப்பிச்செல்லும் வரை அந்நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயரான றொபட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் இவற்றை விரித்துரைத்துள்ளார். வண்டி செல்லும் பெருந்தெரு இல்லாத நாட்டில் அரசனின் ஆணையும் குடியானவனின் நெல்லும் மனிதனுடைய கால்களின் வலியாலேயே இடம்பெயர்ந்தன.

அத்தகைய நாட்டில் தூரத்தை எவ்வாறு அளந்தனர்? அண்மையான தூரத்துக்குத் தமிழர் 'கூப்பிடு தூரம்' என்று கூறுதல் போலவே, சிங்கள மக்களும் கூவுங்குரல் கேட்கும் எல்லையை ஓர் அளவாகக் கொண்டனர். நெடுந்தூரத்துக்கு வழங்கிய அளவை 'கவ்வ' என்பது. தமிழர் வழங்கிய காதத்தோடு ஒருபுடை ஒப்பிடத்தக்கது. 1845 தொடக்கம் இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராகப் பணியாற்றிய சேர் யேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1859இல் வெளியான தமது இலங்கை பற்றிய நூலில் இவ்வளவையைக் குறித்து ஒரு செய்தி தருகின்றார். கவ்வ என்பது எங்கும் ஒரே நீளம் உடையதன்று; மலைநிலத்துக் கவ்வ சமநிலத்துக் கவ்விலுங் குறுகியது; சுமை தூக்கிச் செல்பவனுக்குரிய கவ்வ வெறுங்கையோடு செல்பவனுக்குரியதினுங் குறுகியது; பொதுவாக நோக்கின் நான்கு மைலுக்குச் சற்றுக் குறைந்தது என்பது அவர் கூற்றின் சாரம்.

அளக்குங் கோல் இடத்துக்கு இடம் நீளுதலுங் குறுகுதலும் நில அளவையாளர்க்குப் பெருங் குறையாகவே தோன்றும். அவர்கட்கு அது குறையே. ஆயின் கவ்வ நிலத்தை அளந்த கோல் அன்று. நடையை அளந்த கோல். ஒரு மனிதன் குறித்த முயற்சியைச் செலவிட்டு எவ்வளவு வழி கடப்பான் என்பதையே அது குறித்தது. ஏற்றத்தில் முயற்சி மிகும்; ஆகவே ஒரு கவ்வ வழியின் நீளங் குறையும். சுமை ஏறின் முயற்சி மிகும். ஆகவே மீண்டுங் குறையும். நிலமும் நடப்பவனும் சேர்ந்தே நடையைத் தீர்மானிக்கின்றனர் என்னும் உண்மை அவ்வளவையினுள் அடங்கியிருந்தது.

ஆங்கிலர் ஆட்சி வந்தபின் இந்நிலை மாறிற்று. தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் காலத்திற் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருந்தெரு அமைந்தது. தெருவை மைல் மைலாகப் பகுத்துக் கற்கள் நாட்டினர். ஈழத்துத் தமிழர் மைலைக் 'கட்டை' எனக் கூறுதல் இன்றும் முதியோர் பேச்சிற் கேட்கப்படுவது. 1867இல் புகையிரதமுங் கண்டியை அடைந்தது. ஏற்றமாயினும் இறக்கமாயினும் மைல் மைலே. கணக்குக்கும் வாணிகத்துக்கும் ஆட்சிக்கும் ஒரேநீளமான அளவை இன்றியமையாதது. கவ்வ வழக்கொழிந்தமையில் வியப்பில்லை.

ஐரோப்பியர் நடையை அளந்த முறை

ரெனன்ற் கவ்வ பற்றி எழுதுவதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, சேர்மனி நாட்டிற் சகோதரர் இருவர் மனித நடையைத் தனியே ஆராயத் தலைப்பட்டிருந்தனர். உடற்றொழிலியல் வல்லுநரான எட்வேட் வெபரும் பௌதிகவியல் அறிஞரான வில்ஹெல்ம் வெபரும் 1836இல் நடை பற்றிய நூலொன்றை வெளியிட்டனர். நீளத்தை அளத்தல், நேரத்தைக் கணித்தல் என்னும் எளிய செயல்களே அவர்கள் ஆராய்ச்சிக்கு அடிப்படை. வேகம் கூடுந்தோறும் அடியின் நீளம் மிகுதலையும், ஓரடிக்குச் செல்லும் நேரம் குறைதலையும் அவர்கள் எண்களாற் காட்டினர்.

தூக்கிய கால் ஊசல்போலத் தானே முன்னோக்கி ஆடுகின்றது, அதற்குத் தசைவலி வேண்டுவதில்லை என்பதும் அவர்கள் கொள்கை. அக்கொள்கையை மறுத்தவர் பிரெஞ்சு மருத்துவர் டியூசென். தொடையை முன்னே தூக்குந் தசைகள் வாதத்தால் வலியிழந்தோர் காலை அவ்வாறு ஆட்டமாட்டாது வருந்துதலை அவர் எடுத்துக்காட்டினார். நலமுள்ளோரை மட்டும் நோக்கிக் கண்ட கொள்கையின் குறையை நோயுற்றோரின் நடை வெளிப்படுத்திற்று.

பாரிசவாதமுற்றோரின் நடையைத் தாளிற் பதிவுசெய்து அளந்தவருள் முன்னோடியாகக் கூறத்தக்கவர் கில் த லா தூரெத் என்னும் பாரிசு மருத்துவர். 1886இல் வெளியான அவர் ஆய்வுமுறை மிக எளியது. ஏழெட்டு மீற்றர் நீளமான வெள்ளைத் தாட்சுருளை நிலத்தில் விரித்து, நோயாளியின் பாதங்களிற் செந்நிற இரும்புத் துருப்பொடியைப் பூசி, அத்தாளின்மேல் நடக்கச்செய்தார். பதிந்த அடிச்சுவடுகளிலிருந்து அடிகளின் நீளம், அகலம், பாதந் திரும்பிய கோணம் என்பவற்றை அளந்தார். வலியிழந்த காலின் அடியும் வலியுள்ள காலின் அடியும் ஒவ்வாமை தாளிலே தெளிவாகத் தெரிந்தது.

அதே காலத்தில் விலையுயர்ந்த கருவிகளும் வந்தன. பாரிசில் எத்தியென் யூல் மாறே, அடியிற் காற்றறை பொருத்திய பாதணிகளால் நிலத்திற் பாதந் தங்கும் நேரத்தைப் பதிவுசெய்தார். பின்னர் அடுத்தடுத்துப் படம்பிடிக்கும் முறையையும் வகுத்தார். அமெரிக்காவின் பிலதெல்பியா நகரில் எட்வேட் மைபிரிட்ச் 1885ஆம் ஆண்டளவில், மருத்துவர் பிரான்சிஸ் டேர்க்கம் துணையுடன், நடைக்கோளாறுற்றோரைத் தொடர்படங்களாக எடுத்தார். சேர்மனியில் பிறவுன், பிஷர் என்போரின் ஆய்வு 1895 முதல் 1904 வரை பல பகுதிகளாக வெளிவந்தது. சில அடிகளின் இயக்கத்தைக் கணிப்பதற்கே அவர்கட்கு நெடுநாள் உழைப்பு வேண்டியிருந்தது.

இம்முயற்சிகளால் நடையின் இயல்பு நன்கு விளங்கிற்று. ஆயின் நோயாளி நூற்றுவர் காத்திருக்கும் வைத்தியசாலையில் அக்கருவிகளைக் கொண்டு நாடோறும் அளத்தல் இயலாது. எனவே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் மருத்துவரின் கண்ணே அளவுகோலாக இருந்தது. "முன்னிலும் நன்று", "ஓரளவு தேறினார்" என்பன போன்ற சொற்களே நோய்க்குறிப்பேடுகளை நிரப்பின. ஒருவர் கண்ணுக்கு நன்றாகத் தோன்றுவது மற்றொருவர் கண்ணுக்கு அவ்வாறு தோன்றாது என்பது இம்முறையின் குறை.

அளவுநாடாவும் கடிகாரமும்

இரண்டாம் உலகப்போரின் பின் ஊனமுற்றோரை மீளவும் வாழ்வில் நிலைநிறுத்தும் மருத்துவத்துறை வளர்ந்தது. அத்துறையிற் பயன்பட்ட அளவைகள் சிலவற்றைக் காலமுறையில் நோக்குதல் தகும்.

1965இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த புளோரன்ஸ் மகோனி, டொரோதியா பார்தல் என்போர் அன்றாடச் செயல்களைப் புள்ளியிட்டு மதிக்கும் அட்டவணை ஒன்றை வெளியிட்டனர். மொத்தப் புள்ளி 100. அதிற் சமநிலத்தில் 50 யார் தூரந் தானே நடப்பவர்க்கு 15 புள்ளி. படியேறி இறங்குபவர்க்கு 10 புள்ளி. சமநிலத்து நடையும் படியேற்றமும் வெவ்வேறு ஆற்றல்கள் என்பதை அவ்வட்டவணை ஏற்றுக்கொண்டமை குறிப்பிடத்தக்கது.

1984இல் பொஸ்ரன் நகரத்து மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த மோரீன் ஹோல்டனும் அவரோடு பணியாற்றினோரும் நடையை ஆறு படிகளாக வகுத்தனர். நடக்கவே இயலாதவர் அல்லது இருவர் தாங்க வேண்டியவர் சுழியம். ஒருவர் இடைவிடாது தாங்கவேண்டியவர் ஒன்று. இடையிடையே தொட்டு உதவவேண்டியவர் இரண்டு. தொடாது அருகில் நின்று கவனித்தல் மட்டும் வேண்டியவர் மூன்று. சமநிலத்தில் மட்டுந் தனித்து நடப்பவர் நான்கு. படி, சரிவு, மேடுபள்ளம் என எங்கும் தனித்து நடப்பவர் ஐந்து. இதற்கு வேண்டிய கருவி யாதுமில்லை. பயின்ற கண்ணும் நேர்மையுமே வேண்டும்.

அடுத்து வந்தது நேரத்தை அளக்கும் முறை. 1986இல் முதியோர் நாற்காலியிலிருந்து எழுந்து சிறிது நடந்து மீண்டு அமர்தலைக் கண்ணாற் பார்த்து ஐந்து தரங்களாக மதிக்குஞ் சோதனை ஒன்று வெளிவந்தது. 1991இல் மொன்றியல் நகரத்து பொட்சியாட்லோ, றிச்சாட்சன் என்னும் இருவர் அதனைச் செப்பஞ்செய்து, கண்மதிப்பை நீக்கிக் கடிகாரத்தை வைத்தனர். எழுதல், 3 மீற்றர் நடத்தல், திரும்புதல், மீளுதல், அமர்தல் ஆகிய ஐந்துக்குஞ் சென்ற செக்கன்களே விடை.

பாரிசவாத நோயாளரிடத்து மிகுதியும் வழங்குவது 10 மீற்றர் நடைச் சோதனை. இங்கிலாந்தின் டெறிக் வேட் முதலியோர் 1987இல் நோய்கண்ட முதல் மூன்று மாதங்களில் நடை மீளும் வகையை இம்முறையால் ஆராய்ந்து வெளியிட்டனர். நிலத்திற் கோடுகளிட்டு, புறப்படும்போது வேகங் கூடுதற்கும் முடிக்கும்போது குறைதற்கும் இருபுறமுஞ் சிறிது இடம் விட்டு, நடுவேயுள்ள 10 மீற்றரை மட்டும் நிறுத்தற் கடிகாரத்தால் அளப்பது இப்போது பலரும் பின்பற்றும் வழக்கு. 10 மீற்றரை 25 செக்கனிற் கடப்பவர் வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர், பன்னிரண்டரைச் செக்கனிற் கடப்பவர் வேகம் 0.8 மீற்றர்.

இவ்விரு எண்களும் கலிபோணியாவைச் சேர்ந்த யக்குலின் பெறி முதலியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வின் வழியே பெயர்பெற்றன. 0.4 மீற்றருக்குக் குறைந்த வேகமுடையோர் பெரும்பாலும் வீட்டினுள்ளேயே நடமாடுவர், 0.4க்கும் 0.8க்கும் இடைப்பட்டோர் வெளியே ஓரளவு செல்வர், 0.8க்கு மேற்பட்டோர் ஊரில் தாமாக நடமாடுவர் என்பது அதனாற் பெறப்படும் பாகுபாடு.

பத்து மீற்றர் விரைந்து நடப்பவர் பல நூறு மீற்றர் அவ்வாறே நடப்பர் என்பது துணிபன்று. அதனை அறிய எழுந்தது ஆறு நிமிட நடைச் சோதனை. அமெரிக்க வான்படையினரின் உடல்வலியை அறியக் கென்னத் கூப்பர் 1968இல் வகுத்த 12 நிமிட ஓட்டச் சோதனை, 1976இல் நெஞ்சுநோயாளர்க்கு ஏற்ப 12 நிமிட நடையாக்கப்பட்டு, 1982இல் 6 நிமிடமாகச் சுருக்கப்பட்டது. அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் 2002இல் வெளியிட்ட நெறிமுறை, 30 மீற்றர் நீளமான, சமமான, கடினத் தரையுடைய நடைகூடத்தை இதற்கு விதித்தது.

அளத்தலாற் பெற்ற பயன்

இவ்வளவைகள் ஏட்டுக் கணக்கோடு நின்றுவிட்டவையல்ல. கோப்பன்கேகன் நகரில் 804 பாரிசவாத நோயாளரை வாரந்தோறும் பார்தல் அட்டவணையின்படி மதித்து, 1995இல் முடிவுகளை வெளியிட்டனர். வைத்தியசாலையிற் சேர்ந்தபோது அவருள் நூற்றுக்கு 51 பேர் நடக்கவே இயலாதிருந்தனர். சிகிச்சை நிறைவுற்றபோது நடக்க இயலாதோர் நூற்றுக்கு 18 பேராகக் குறைந்தனர். நூற்றுக்கு 50 பேர் தனித்து நடந்தனர். எஞ்சியோருட் சிலர் உதவியோடு நடந்தனர், ஏனையோர் இறந்தனர். நடையில் எய்தக்கூடிய மிக உயர்ந்த நிலையை நூற்றுக்கு 95 பேர் முதற் பதினொரு வாரங்களுள் எய்தினர் என்பதும் தெரியவந்தது. முதல் வாரங்களின் அருமையை இதனினுந் தெளிவாக உணர்த்தல் அரிது. அவ்வாரங்களிற் பயிற்சியளியாது நோயாளியைப் படுக்கையிற் கிடத்தி வைப்போர் மீளப்பெறற்கரிய காலத்தை வீணாக்குகின்றனர்.

மற்றுமொரு பயன் உண்டு. 2010இல் வெளியான ஆய்வொன்று, முதல் இரு மாதங்களிற் செக்கனுக்கு 0.16 மீற்றர் வேகங் கூடினாலே அது வாழ்க்கையிற் பொருளுடைய முன்னேற்றம் எனக் கண்டது. 10 மீற்றரை 25 செக்கனில் நடந்தவர் 18 செக்கனில் நடப்பாராயின் அம்முன்னேற்றத்தை எய்தினார் எனலாம். ஏழு செக்கன் வேறுபாட்டை நாடோறும் உடனிருப்போர் கண் காணாது. "ஒரு மாதமாய் ஒரு மாற்றமுமில்லை" என நோயாளி மனந்தளர்ந்து பயிற்சியைக் கைவிடுதல் எங்கும் நிகழ்வது. குறிப்பேட்டிலுள்ள இரு எண்களை அருகருகே காட்டின் அத்தளர்ச்சி நீங்கும். எண்கள் மாறாது நின்றுவிடின், பயிற்சிமுறையை மாற்றவேண்டும் என்பதும் அவ்வெண்களாலேயே விளங்கும்.

மலைநாட்டுக்குரிய வினா

கண்டி நகரம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்தது. கடைசி அரசன் சிறீ விக்கிரம இராசசிங்கன் 1812இற் கட்டிமுடித்த வாவியைச் சுற்றியுள்ள நடைபாதை ஏறத்தாழ 3 கிலோமீற்றர். சமமாக நெடுந்தூரம் நடத்தற்கு நகரில் வாய்த்த இடம் அதுவே எனல் பொருந்தும். அதனைச் செக்கனுக்கு 0.8 மீற்றர் வேகத்தில் இடையறாது நடப்பவர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதிற் சுற்றி வருவர், 0.4 மீற்றர் வேகத்தார்க்கு இரண்டு மணிக்கு மேற் செல்லும். ஆயின் நகரமக்கள் பெரும்பாலோர் வாவிக்கரையிலா வாழ்கின்றனர்? பகிரவகந்தைச் சரிவிலும், அம்பிட்டியிலும், அந்தானை மலையடியிலும் அவர்தம் வீடுகள் உள்ளன. பெருந்தெருவிலிருந்து ஒழுங்கையும் படிக்கட்டுமாக ஏறியே பல வீடுகளை அடையவேண்டும். கலகா, தெல்தோட்டை, புசல்லாவை முதலிய தோட்டப் பகுதிகளின் லயன்களில் வாழும் தொழிலாளர் நிலை இதனினுங் கடியது. தேயிலை மலைச்சரிவே அவர்க்குத் தொழிற்களமும் ஆகும்.

வாதமுற்ற காலுக்கு ஏற்றமும் இறக்கமும் வெவ்வேறு இடர்களைத் தருவன. ஏறும்போது முன்பாதத்தை மேலே தூக்குதல் வேண்டும். அத்தசை வலியிழந்தமையாற் கால்விரல் நிலத்திற் தட்டுப்படும். அதனைத் தவிர்க்கக் காலைப் பக்கவாட்டில் வளைத்து வீசி நடப்பர். ஒடுங்கிய படியில் அவ்வாறு வீச இடமிராது. இறங்கும்போது உடலின் பாரத்தைத் தொடையின் முன்தசைகள் சிறிது சிறிதாகத் தாங்கி விடுதல் வேண்டும். அவை தளரின் முழங்கால் மடிந்து விழ நேரும். மழைக்காலத்துப் பாசிபடிந்த படிகளில் இவ்விடர் இருமடங்காகும். எனவே, வைத்தியசாலை விறாந்தையில் 10 மீற்றரைப் பன்னிரண்டு செக்கனில் நடந்து "ஊரில் தாமாக நடமாடுவோர்" என்னும் வகையிற் சேர்க்கப்பட்ட ஒருவர், தம் வீட்டு வாயிலிலிருந்து பெருந்தெருவுக்கு வரமாட்டாது அடைபட்டிருத்தல் கூடும். ஹோல்டன் வகுத்த நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் உள்ள வேறுபாடு சமவெளி நகரொன்றிற் சிறிதாயிருக்கலாம். கண்டியில் அது வீட்டுச் சிறைக்கும் விடுதலைக்கும் உள்ள வேறுபாடு.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்றுக்கொண்ட பாகுபாட்டு நூல் இவ்வேறுபாட்டுக்குப் பெயர் தந்துள்ளது. ஒரேதன்மையான சூழலில் ஒருவர் செய்ய வல்லது 'ஆற்றல்' எனவும், தாம் வாழுஞ் சூழலில் அவர் உண்மையிற் செய்வது 'செயற்பாடு' எனவும் அது பிரித்துக் கூறும். நடைகூடத்து எண் ஆற்றலைக் காட்டும். மலைப்பாதையே செயற்பாட்டைக் காட்டும். இக்கருத்து புதியதெனினும், கவ்வ என்னும் அளவையை வழங்கியோர்க்கு இது வியப்பளித்திராது.

இதனாற் சமநிலத்துச் சோதனைகள் பயனற்றவை எனக் கருதுதல் தவறு. கண்டியில் அளந்த எண்ணை யாழ்ப்பாணத்திலோ இலண்டனிலோ அளந்த எண்ணோடு ஒப்பிடவேண்டின், நிலம் ஒன்றாயிருத்தல் வேண்டும். மைல் எங்கும் ஒரே நீளமாயிருத்தல் எதனால் வேண்டப்பட்டதோ அதனாலேயே 10 மீற்றர்த் தரையும் வேண்டப்படுகின்றது. மைலும் வேண்டும், கவ்வும் வேண்டும். ஒன்று நோயாளியைப் பிறரோடு ஒப்பிடுதற்கு; மற்றையது அவர்தம் வாழ்வோடு ஒப்பிடுதற்கு.

மலைநாட்டுக்குரிய அளவையொன்றை வகுப்பதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நோயாளி வீடு செல்லுமுன், வாயிலிலிருந்து பெருந்தெரு வரை எத்தனை படிகள் உள, கைபிடி உண்டா, எவ்விடத்திற் சரிவு மிகுகின்றது, இளைப்பாற இடமுண்டா என வீட்டாரைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அத்தனை படிகளையும் பயிற்சிக்கூடத்திலேயே, வலியிழந்த பக்கத்தில் இயன்மருத்துவர் நிற்க, ஏறி இறங்கச்செய்து நேரத்தைக் குறிக்கலாம். வீடு திரும்பியபின் அதே வழியைத் துணையோடு நடந்து, சென்ற நிமிடங்களையும் இளைப்பாறிய இடங்களையும் வாரமொருமுறை குறித்துவரின், முன்னேற்றமோ பின்னடைவோ தெளிவாகும். ஒக்ஸ்போட் நகரத்தார் 1991இல் வெளியிட்ட றிவர்மீட் நடமாட்ட அட்டவணை, கைபிடியின்றி நான்கு படி ஏறி இறங்குதலையும், வெளியே மேடுபள்ளமான நிலத்தில் நடத்தலையும் தன் பதினைந்து வினாக்களுட் சேர்த்துள்ளமை இவ்வழிக்கு முன்மாதிரியாகும்.

இதற்கு வேண்டிய நிறுவனங்கள் கண்டியில் உள்ளன. பொது வைத்தியசாலையாக வளர்ந்து இன்று தேசிய வைத்தியசாலையாக விளங்குவது ஒன்று. 1962இல் மருத்துவபீடம் பெற்ற பேராதனைப் பல்கலைக்கழகம், இயன்மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவுங் கற்பிக்கின்றது. திகனையிற் புனர்வாழ்வு வைத்தியசாலை உளது. கொழும்பு மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு, வளர்ந்தோர் ஆயிரவருள் ஏறத்தாழப் பதின்மர் பாரிசவாதங் கண்டோர் எனக் காட்டியது. நோய் அரிதன்று, அளக்கும் அறிவும் அரிதன்று.

முற்காலத்தார் நடையை உண்டு, இல்லை என இரண்டாகக் கண்டனர். பிற்காலத்தார் அதனை மீற்றராகவும் செக்கனாகவும் நுணுகிக் கண்டனர். கண்டி மலைச்சரிவில் ஒரு நோயாளி தம் வீட்டுப் படிகளைத் தனியே இறங்கிப் பெருந்தெருவை அடைந்து, வந்தவழியே மீண்டு ஏறுவாராயின், அதற்குச் சென்ற நிமிடங்களும் அவர் குறிப்பேட்டில் எழுதப்படுதல் வேண்டும். அவ்வெண் பிறநாட்டார் எண்ணோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும் அவர் கோயிலுக்கும் சந்தைக்கும் தொழிலுக்கும் மீளுவாரா என்பதை அறிவிக்கும் எண் அதுவேயாகும்.